படத்துக்கு நடுவுல வெள்ளை வட்டம்: லென்ஸ் போச்சா?

கேள்வி | மார்ச் 7, இரவு 9:12

அண்ணா, பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு இன்ஃப்ராரெட்டுக்கு மாத்தினது கைக்கு வந்துச்சு, 720 நானோமீட்டர், அதாவது சுமார் அதுக்கு மேல உள்ள அலைநீளத்தை மட்டும் வாங்குறது. செஞ்சிக் கோட்டைக்கு எடுத்துட்டுப் போனேன். மரமெல்லாம் வெள்ளை வெளேர்னு, வானம் கறுகறுன்னு, நான் ஆசைப்பட்ட மாதிரியே. ஆனா எல்லாப் படத்துலயும் நட்ட நடுவுல வெளுத்துப் போய் ஒரு வட்டம். ஜூம் ஆகாத 50 மிமீ பிரைம் லென்ஸ், வெயில் ஜாஸ்தின்னு அபெர்ச்சர் ஓட்டையைச் சின்னதாக்கி எஃப்/11, எஃப்/16-லதான் எடுத்தேன். கடையில காட்டினா லென்ஸுக்குள்ள ஃபங்கஸ், கழட்டி க்ளீன் பண்ணணும், 3500 ஆகும்கிறாங்க. லென்ஸ் போச்சா?

மார்ச் 7, இரவு 10:05

காசு குடுத்துடாதீங்க தம்பி. அந்த லென்ஸைக் கழட்டி சாதா கேமரால மாட்டி அதே எஃப்/11-ல வெளியில ஒரு படம் எடுங்க. வட்டம் இல்லேன்னா அதுக்குக் காரணம் ஃபங்கஸ் இல்ல. படத்தைக் கெடுக்கிற அளவுக்கு ஃபங்கஸ் இருந்தா சாதா வெளிச்சத்துலயும் மங்கலாத்தான் குடுக்கும், இன்ஃப்ராரெட்ல மட்டும் வேலை காட்டாது.

அப்புறம் இன்ஃப்ராரெட் கேமரால எஃப்/2.8, 4, 5.6, 8, 11, 16 வரிசையா ஒரே இடத்தை எடுங்க. ஏவி மோட்ல, அதாவது எஃப் நம்பரை மட்டும் நாம வெக்கிற மோட்ல விட்டுட்டா எக்ஸ்போஷர் அது பாத்துக்கும். வேற எதையும் மாத்தாதீங்க.

மார்ச் 7, இரவு 10:31

டெஸ்ட் எதை எடுக்கணும்னு சொல்ல விட்டுட்டேன். வெயில் படுற சுண்ணாம்புச் சுவர், இல்லேன்னா மூடாக்குப் போட்ட வானம். ஒரே சீரா இருக்கணும், அவ்வளவுதான். ஃபோகஸைக் கலைச்சு விட்டுடுங்க, சுவத்துல இருக்கிற கீறல், கறை எல்லாம் மறைஞ்சுடும், வட்டம் மட்டும் தெரியும். கம்ப்யூட்டர்ல போட்டு கான்ட்ராஸ்டை நல்லா ஏத்திப் பாருங்க.

மார்ச் 8, காலை 7:20

ராத்திரியே தம்பி ஆர்வக்கோளாறுல ரூமுக்குள்ள எல்இடி பல்பு வெளிச்சத்துல டெஸ்ட் எடுத்துட்டு "படமே வரல, கேமராவும் போச்சு"ன்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்கார். எல்இடி பல்புல இன்ஃப்ராரெட் கிட்டத்தட்ட கிடையாது தம்பி. கரண்டு மிச்சம்னு சொல்றாங்களே, அது வர்றதே அங்கதான், கண்ணுக்குத் தெரியாத பக்கம் எதையும் வீணாக்குறதில்ல. டியூப் லைட்டும் பிரயோஜனம் இல்ல. பழைய குண்டு பல்பு ஒண்ணு பரண்ல கிடந்தா எடுத்து மாட்டுங்க, அது வாங்குற கரண்டுல முக்கால்வாசிக்கு மேல இன்ஃப்ராரெட்டாத்தான் கொட்டும். இல்லேன்னா விடியட்டும், சூரியன் இலவசம்.

மார்ச் 8, மதியம் 1:45

டெஸ்ட் படம் பாத்தேன். எஃப்/2.8-ல ஒண்ணுமே இல்ல, எஃப்/5.6-ல நடுவுல லேசா வெளுப்பு, எஃப்/11-ல வட்டம் நல்லாத் தெரியுது, எஃப்/16-ல வட்டம் சின்னதாகி பளிச்னு ஆயிடுச்சு. இன்ஃப்ராரெட்ல இப்படி நடுவுல வர்ற வெளுப்புக்கு ஹாட் ஸ்பாட்னு பேரு, இது அதேதான். லென்ஸ் நல்லா இருக்கு, கேமராவும் நல்லா இருக்கு, ரெண்டுக்கும் ஜாதகம்தான் பொருந்தல.

என்ன நடக்குதுன்னா, சென்சார் ஒண்ணும் கறுப்புத் துணி இல்ல, அது மேல விழுற வெளிச்சத்துல கொஞ்சம் திரும்பி லென்ஸுக்குள்ளயே போகும். லென்ஸ் கண்ணாடி மேல பூசியிருக்கிற கோட்டிங் நம்ம கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துக்காக, அதாவது சுமார் 400-லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும்னு கணக்குப் போட்டுப் பூசினது. அதைத் தாண்டிப் போனா அந்தக் கோட்டிங் சரியா வேலை செய்யாது, சில சமயம் வெறும் கண்ணாடியை விட ஜாஸ்தியாவே திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வர்ற வெளிச்சம் மறுபடி சென்சார் மேல விழுது. விழறப்போ அது காட்சியோட உருவமா விழாது, அபெர்ச்சர் ஓட்டையோட உருவமா விழும். நடுவுல வர்றதுக்கும் வட்டமா இருக்கிறதுக்கும் காரணம் அதான். பிளேடு கம்மியா இருக்கிற சில லென்ஸ்ல உத்துப் பாத்தா வட்டத்துக்கு மூலைகூட இருக்கும்.

மார்ச் 8, மதியம் 2:10

"ஓட்டையைச் சின்னதாக்கினா உள்ள வர்ற வெளிச்சமே கம்மிதானே, வட்டமும் மங்கணும்ல, ஏன் பளிச்னு ஆகுது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் இது புரியாமத்தான் இருந்துச்சு.

எஃப்/4-லேர்ந்து எஃப்/16 போனா ஓட்டையோட பரப்பு 16-ல ஒரு பங்கு. படத்துக்கு வர்ற வெளிச்சமும் 16-ல ஒரு பங்கு, ஆனா அது அதே சென்சார் முழுக்கப் பரவணும், அதனால ஒவ்வொரு இடத்துலயும் 16 மடங்கு கம்மி. வட்டத்துக்குப் போற வெளிச்சமும் 16-ல ஒரு பங்குதான். ஆனா வட்டம் ஓட்டையோட உருவம்கிறதால அதோட பரப்பும் 16-ல ஒரு பங்கா சுருங்கிடுது. கம்மி வெளிச்சம் கம்மி இடத்துல விழுது, ஆக வட்டத்தோட அடர்த்தி மாறவே இல்ல. படம் மங்கிப் போச்சு, வட்டம் அப்படியே நிக்குது, கேமரா எக்ஸ்போஷரை ஏத்தி ரெண்டையும் சேத்துத் தூக்கும்போது வட்டம் மட்டும் பல்லை இளிக்குது. எஃப்/2.8-லயும் அது இருக்கத்தான் செய்யுது, படம் முழுக்கப் பரவிக் கிடக்குறதால தெரியல.

மார்ச் 8, இரவு 9:50

அப்போ மருந்து என்னன்னா எஃப் நம்பரை இறக்குங்க. எஃப்/5.6-க்கு மேல போகாதீங்க. வெயில் ஜாஸ்தின்னா ஷட்டரை ஏத்துங்க, ஐஎஸ்ஓவை 100-க்குக் கொண்டு வாங்க.

மேல போகாம இருக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அலைநீளம் கூடக் கூட டிஃப்ராக்‌ஷனும், அதாவது சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் விரியறதும் கூடும். எஃப்/8-ல பச்சை வெளிச்சத்துக்கு, 550 நானோமீட்டர்னு வைங்க, ஒரு புள்ளி சுமார் 10.7 மைக்ரானா விரியும், 850-ல அதே எஃப்/8-க்கு 16.6 மைக்ரான். அதனால எஃப்/16-ல எடுத்தா வட்டமும் வரும், ஷார்ப்னஸும் போகும். லேண்ட்ஸ்கேப்னாலே எஃப்/11-னு எவனோ சொல்லிக் குடுத்ததை இன்ஃப்ராரெட்ல மறந்துடணும்.

மார்ச் 9, காலை 8:15

ஹாட் பிக்சலை மேப் பண்ணச் சொல்றார் ஒருத்தர். அது வேற இது வேற. ஹாட் பிக்சல்ங்கிறது ஊசி முனை அளவுக்குத் தனித்தனிப் புள்ளி, சென்சார் சூடானா வர்றது, லென்ஸ் மூடியைப் போட்டு எடுத்தாலும் இருக்கும். இந்த வட்டம் லென்ஸ் மூடியைப் போட்டா காணாமப் போயிடும்.

மார்ச் 9, காலை 8:22

போயிடும்னு சொன்னேன்ல, மூடியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. கறுப்பு பிளாஸ்டிக் எல்லாமே இன்ஃப்ராரெட்டுக்குக் கறுப்பு கிடையாது, சிலது வெளிச்சத்தை உள்ள விட்டுடும். நீளமான எக்ஸ்போஷர்ல டார்க் ஃப்ரேம், அதாவது லென்ஸை மூடி இருட்டுப் படம் எடுக்கணும்னா மூடி மேல அலுமினியம் ஃபாயிலைச் சுத்திடுங்க, அடுப்படியிலயே இருக்கும்.

மார்ச் 9, இரவு 11:02

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, இந்த இழையால உசுப்பேறி வீட்ல இருக்கிற கறுப்பையெல்லாம் மொட்டை மாடியில பரப்பி வெச்சு இன்ஃப்ராரெட் கேமரால ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்காரம்மா எதுக்கு இந்தக் கடைன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல.

கேமரா பையோட கறுப்பு நைலான் வெளிர் சாம்பல். குடைத்துணி அதை விட வெளுப்பு. பையனோட ஸ்கூல் ஷூ நடுத்தரம். சைக்கிள் டயர் மட்டும் கன்னங்கரேல்னு இருந்துச்சு, ரப்பர்ல கார்பன் பிளாக் கலந்திருக்கிறதால. சாயம் போட்டுக் கறுப்பாக்கினது எல்லாம் நம்ம கண்ணை ஏமாத்துற கறுப்பு, கரியால கறுப்பானதுதான் உண்மையான கறுப்பு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, பழைய மேனுவல் லென்ஸ் மாட்டுறதுக்கு ஒரு அடாப்டர் வெச்சிருக்கேன், அலுமினியம், உள்பக்கம் கறுப்பு அனோடைஸ் பண்ணினது. கண்ணால பாத்தா நல்ல மேட் கறுப்பு. படத்துல அதோட உள்சுவர் எவர்சில்வர் டம்ளர் கணக்கா மின்னுது. சைடுல விழுற வெளிச்சம் அதுல பட்டு நேரா சென்சாருக்குப் போகுது. ஆக மங்கல் எல்லாத்துக்கும் லென்ஸ் கண்ணாடிதான் காரணம்னு முடிவு கட்ட முடியாது, லென்ஸுக்குள்ள பூசின பெயின்ட்டு, வளையம், அடாப்டர் எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா அடாப்டரால வர்ற மங்கல் அழகான வட்டமா வராது, ஒரு பக்கமா வெளுப்பா வரும், கேமராவைத் திருப்பினா இடம் மாறும். வட்டம் எப்பவும் நடுவுலயே உக்காந்திருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க இது ஒண்ணு போதும்.

மார்ச் 10, காலை 6:58

கரின்னு சொன்னதும் "அப்போ கண்மையைத் தடவலாமா"ன்னு கரூர்லேர்ந்து ஒரு தங்கச்சி கேக்குது. வெளக்குக் கரியில பண்ணின மைன்னா கரி சரிதான் தாயி, ஆனா அதுல நெய்யோ வெளக்கெண்ணெயோ குழைச்சிருக்காங்களே, நம்ம ஊரு மே மாசத்துல அது உருகி சென்சார் மேல வந்து உக்காந்தா அப்புறம் 3500-ல முடியாது. வெல்வெட் மாதிரி மேல இழை பாவின, ஒட்டுற கறுப்பு ஃப்ளாக் பேப்பர் விக்கிறாங்க, டெலஸ்கோப் பண்றவங்க குழாய்க்குள்ள ஒட்டுறது. அதை வெட்டி அடாப்டர் உள்ள ஒட்டுங்க, ஒட்டுறதுக்கு முன்னாடி அதையும் இன்ஃப்ராரெட்ல ஒரு படம் எடுத்துப் பாத்துடுங்க. இழை உதிருதான்னு விரலால தேய்ச்சும் பாருங்க.

மார்ச் 10, இரவு 10:20

"என் கேமரா மாத்தாதது, ஹோயா ஆர்72 இன்ஃப்ராரெட் ஃபில்டர் போட்டு 30 செகண்ட் எடுக்கிறேன், எனக்கும் வெளுப்பு வருது"ன்னு வந்த கேள்விக்கு. உங்க கதை வேறயா இருக்கலாம். மாத்தாத கேமராவுல சென்சாருக்கு முன்னாடி இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற கண்ணாடி இருக்கு, அதனாலதான் 30 செகண்ட் தேவைப்படுது. அவ்வளவு நேரத்துல டிஎஸ்எல்ஆரோட வியூஃபைண்டர் வழியா பின்னாடி இருந்து வெளிச்சம் கசிஞ்சு வரும், வெயில் உங்க முதுகுல அடிக்குதுன்னா கேக்கவே வேணாம். சில கேமரா ஸ்ட்ராப்ல ஒரு சின்ன ரப்பர் மூடி தொங்கும், எதுக்குன்னு தெரியாம எல்லாரும் தொலைச்சிருப்போம், அது வியூஃபைண்டரை மூடத்தான். இல்லேன்னா கறுப்பு டேப், அதுக்கு மேல ஃபாயில்.

மூடியும் வெளுப்பு இருக்குன்னா, லென்ஸையும் மூடி அதே 30 செகண்ட் எடுங்க. ஓரத்துலயோ மூலையிலயோ ஊதாவா ஒரு ஒளி நின்னா அது சென்சார் எலெக்ட்ரானிக்ஸ் சூட்டுல வர்றது, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் பண்ணினா பெரும்பாலும் போயிடும். லென்ஸை மூடினா வெளுப்பு போயிடுது, நடுவுலதான் வருதுன்னா நீங்களும் எங்க சங்கத்துல உறுப்பினர்.

மார்ச் 11, மதியம் 12:40

கேமராக்குள்ளயே இன்ஃப்ராரெட் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு பழைய கதை. ஃபிலிம் காலத்துல கோடாக் எச்ஐஇன்னு ஒரு இன்ஃப்ராரெட் ஃபிலிம் இருந்துச்சு, 2007-ல நிறுத்தினாங்க. கேனான் ஈஓஎஸ் கேமராக்கள் சிலதுல ஃபிலிம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு எண்ணுறதுக்கு உள்ள ஒரு இன்ஃப்ராரெட் எல்இடி உண்டு. இந்த ஃபிலிமைப் போட்டா அந்த எல்இடி வெளிச்சமே பட்டு ஃபிலிமோட ஓரத்தைக் கெடுத்துடும். யாரு லென்ஸைத் திட்டியிருப்பாங்கன்னு நெனச்சா சிரிப்பு வருது.

இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற கண்ணாடி எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா லைக்கா எம்8 கதை. 2006-ல வந்துச்சு, அதுல அந்தத் தடுப்பு மெல்லிசு. கறுப்பு சிந்தெட்டிக் கோட்டுப் போட்டவங்க எல்லாம் படத்துல ஊதாக் கலர்ல வந்தாங்க. கடைசியில லென்ஸ் முன்னாடி மாட்டுற இன்ஃப்ராரெட் தடுப்பு ஃபில்டரை வாங்கினவங்களுக்கு லைக்காவே குடுத்துச்சு. என் மொட்டை மாடிக் குடை எதுக்கு வெளுத்துச்சோ அதே காரணம்.

மார்ச் 12, இரவு 9:33

செஞ்சிப் படங்களைத் தூக்கிப் போட வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். சரி பண்ண வழி இருக்கு, முழுசா இல்ல, பாக்குற மாதிரி.

நெறைய பேர் ஃப்ளாட் ஃபீல்டுன்னு சொல்றீங்க, அதாவது அதே லென்ஸ், அதே எஃப் நம்பர்ல வெள்ளைச் சுவரை எடுத்து வெச்சுக்கிட்டு அதால படத்தை வகுக்கிறது. ஓரம் இருட்டுறதுக்கு அது சரியான வைத்தியம், ஏன்னா வின்யெட்டிங் இருக்கிற வெளிச்சத்தை ஒரு பங்கு குறைக்குது. ஹாட் ஸ்பாட் குறைக்கிறதில்ல, மேல கொண்டு வந்து கொட்டுது. கொட்டினதை வகுத்து எடுத்தா கறுப்பு வானம் நடுவுல இருக்கிறப்போ வட்டம் பாதி நிக்கும், வெள்ளை மரம் இருக்கிறப்போ மரமே மங்கிடும். கழிக்கணும். நான் ஜிம்ப் சாஃப்ட்வேர்ல பண்றது, சுவர் படத்துல ஓர வெளிச்சத்தை லெவல்ஸ்ல கறுப்பாக்கி நடு வட்டத்தை மட்டும் நிப்பாட்டி, நல்லா பிளர் பண்ணி, செஞ்சிப் படத்து மேல லேயரா வெச்சு மோடை சப்ட்ராக்ட்ல போட்டு ஓபாசிட்டியைக் கண்ணால பாத்து ஏத்துறது. படம் லீனியரா, அதாவது டோன் கர்வ் எதுவும் போடாம இருந்தா இன்னும் சரியா வரும்.

மார்ச் 12, இரவு 9:58

சோம்பேறி வழி: டார்க்டேபிள்லயோ லைட்ரூம்லயோ நடுவுல ஒரு வட்ட மாஸ்க், ஓரத்தை நல்லா மிருதுவாக்கி, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி, கான்ட்ராஸ்டை ஏத்தி, கறுப்பை இழுங்க. எக்ஸ்போஷரை மட்டும் இறக்கினா வெள்ளை வட்டம் சாம்பல் வட்டமாகும், அவ்வளவுதான் நடக்கும். மேல விழுந்திருக்கிறது பனிப்படலம், அதுக்குக் கீழ இருக்கிற கான்ட்ராஸ்டைத் திரும்பக் கொண்டு வரணும்.

கலர் படம்னா இன்னொரு தலைவலி. சுமார் 800 நானோமீட்டருக்கு மேல போனா சென்சார்ல இருக்கிற சிவப்பு, பச்சை, நீலம் மூணு ஃபில்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தை விடும். வட்டத்துல நீள அலை ஜாஸ்தியா இருந்தா சுத்தியிருக்கிற படத்துக்கும் அதுக்கும் கலர் ஒத்துப் போகாது. சிவப்பையும் நீலத்தையும் மாத்திப் போட்டு வானத்தை நீலமாக்குவீங்களே, அங்க போய் வட்டம் தனிக் கலர்ல நிக்கும். கறுப்பு வெள்ளையா மாத்திடுங்க தம்பி, செஞ்சிக் கல்லுக்கு அதான் அழகும்.

மார்ச் 14, காலை 7:05

திருவிழாவுல எடுத்த ராத்திரிப் படத்துல சீரியல் லைட்டு பச்சையா தலைகீழா வானத்துல தெரியுதுன்னு ஒருத்தர் இதே இழையில கேட்டிருக்கார். அது ஹாட் ஸ்பாட் இல்லீங்க, உங்க யூவி ஃபில்டர். நிஜ லைட்டு கீழ வலது பக்கம்னா பேய் லைட்டு மேல இடது பக்கம், நடுப்புள்ளியைச் சுத்தி அப்படியே 180 டிகிரி திருப்பி வெச்ச மாதிரி இருக்கா பாருங்க. இருந்தா சென்சாருக்கும் தட்டையான ஃபில்டர் கண்ணாடிக்கும் நடுவுல வெளிச்சம் பந்து விளையாடுது. ஃபில்டரைக் கழட்டுங்க. ராத்திரி படத்துக்கு யூவி ஃபில்டர் எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சதில்ல, இருட்டுல ஏதுங்க யூவி.

மார்ச் 14, காலை 7:30

"லென்ஸ் கண்ணாடிக்குப் பாதுகாப்பு சார்"ங்கிறார். ஹூட் போடுங்க.

மார்ச் 15, மாலை 5:48

தம்பி கிட் ஜூமை மாட்டித் திரும்ப டெஸ்ட் எடுத்து அனுப்பியிருக்கார். 18-ல எஃப்/8 வரைக்கும் சுத்தம், 35-ல எஃப்/8-லயே வட்டம், 55-ல மறுபடி லேசா. ஜூம் பண்ணும்போது உள்ள கண்ணாடிகள் இடம் மாறுது, திருப்பி அனுப்புற பரப்பும் மாறுது, அதனால ஒரே லென்ஸே ஒரு இடத்துல நல்ல பிள்ளை, இன்னொரு இடத்துல போக்கிரி. ஃபோகஸ் தூரத்துக்கும் இது பொருந்தும்.

லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி, கேமராவை இன்ஃப்ராரெட்டுக்கு மாத்தித் தர்ற கோலாரி விஷன் கம்பெனியோட தளத்துல ஹாட் ஸ்பாட் பட்டியல் இருக்கு, பாருங்க. ஆனா அதையே வேதவாக்கா எடுத்துக்காதீங்க, அவங்க வெச்ச சென்சார் வேற, நம்ம சென்சார் வேற, திருப்பி அனுப்புறதுல பாதி வேலையை சென்சார்தான பண்ணுது. 720-ல தப்பிச்ச லென்ஸ் 850-ல மாட்டுறதும் உண்டு, என்கிட்டயே அப்படி ஒண்ணு இருக்கு. விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பிளாஸ்டிக் கிட் லென்ஸ் சுத்தமா குடுக்கும், அதைப் போல பத்து மடங்கு விலையுள்ளது சொதப்பும். இன்ஃப்ராரெட்டுக்குன்னு யாரும் அதை டிசைன் பண்ணலயே, அதைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. கடையில வாங்குறப்போ உங்க பாடியையே எடுத்துட்டுப் போங்க, வாசல்ல நின்னு எஃப்/11-ல எதிர் சுவரை ஒரு கிளிக் பண்ணிட்டு அப்புறம் விலை பேசுங்க.

மார்ச் 15, இரவு 10:10

பனோரமா எடுக்கலாமான்னு கேட்டதுக்கு: எடுங்க, ஆனா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் வட்டம் இருக்கும்கிறதால ஒட்டினப்புறம் வானத்துல வரிசையா வெளுப்பு நிக்கும், தனிப்படத்துல கண்ணுக்குப் படாத வட்டம்கூட அங்க கண்ணைக் குத்தும். 18-லயே வெச்சு எஃப்/5.6, செங்குத்தா பிடிச்சு எடுங்க. ஒண்ணுக்கொண்ணு பாதிக்கு மேல ஓவர்லாப் விட்டா ஒட்டும்போது நடுப்பகுதியை மாஸ்க் பண்ணிட்டு பக்கத்து ஃப்ரேமோட ஓரத்தை அங்க கொண்டு வந்துடலாம். செஞ்சியில ராஜகிரி மலை மேல ஏறினீங்கன்னா உச்சி வெயில்ல ஏறுங்க, தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்கோங்க, இன்ஃப்ராரெட்டுக்கு அந்த நேரம்தான் சரி.